விலை பேசும் பிரெண்ட் வயலில் இப்போது என்ன இருக்கிறது?

கேள்வி இது: "தினமும் செய்தியில் பிரெண்ட் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு இத்தனை டாலர் என்று சொல்கிறார்களே, அந்த பிரெண்ட் எங்கே இருக்கிறது? நடுக்கடலில் எண்ணெய் எடுப்பதை எப்படித் தொடங்குகிறார்கள்? தீர்ந்துபோனால் அந்த மேடைகளை எல்லாம் என்ன செய்கிறார்கள்?"

மூன்று கேள்விக்கும் ஒரே எண்ணெய் வயலை வைத்துப் பதில் சொல்லிவிடலாம். அந்த வயல் பிரெண்ட்டேதான். முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்லிவிடுகிறேன். 2021 மார்ச் 31-க்குப் பிறகு பிரெண்ட் வயலிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய்கூட வரவில்லை. கடைசி மேடையான பிரெண்ட் சார்லியை அன்றைக்கு நிறுத்திவிட்டார்கள். வயல் போய்விட்டது, விலை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. கடை மூடி வருஷக்கணக்கான பிறகும் பஸ் ஸ்டாப்புக்கு அந்தக் கடைப் பெயரே நிலைத்துவிடுவதில்லையா, அந்த மாதிரி.

சரி, எடுக்காத எண்ணெய்க்கு எப்படி விலை? பிரெண்ட்டில் உற்பத்தி குறையக் குறைய, அந்தப் பெயருக்கு அடியில் வேறு எண்ணெய்களைச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். 2002-ல் ஃபோர்ட்டீஸ், ஓஸ்பெர்க். 2007-ல் எகோஃபிஸ்க். 2018-ல் ட்ரோல். இவையெல்லாம் பிரிட்டன், நார்வே பக்கத்து வடகடல் எண்ணெய்கள். அதுவும் போதாமல் 2023-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் பக்கத்து மிட்லேண்ட் எண்ணெயையும் சேர்த்துவிட்டார்கள். இந்தியா வாங்கும் கச்சா எண்ணெயின் சராசரி விலையைக் கணக்கிடும்போதும் ஓமன், துபாய் விலைகளோடு இந்த பிரெண்ட் விலையைத்தான் கலக்கிறார்கள். அதனால் உங்கள் ஊர் பெட்ரோல் பங்க் வரைக்கும் அந்தப் பெயர் வந்து சேர்கிறது.

அந்த இடம் ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஷெட்லண்ட் தீவுகளின் லெர்விக் ஊரிலிருந்து வடகிழக்கில் சுமார் 186 கிலோமீட்டர். தண்ணீரின் ஆழம் 140 மீட்டர், கிட்டத்தட்ட நாற்பது மாடி. குளிர்காலத்தில் சூரியன் தலைகாட்டிவிட்டுப் போய்விடும். 30 மீட்டர் அலையையும் தாங்க வேண்டும் என்று கணக்குப்போட்டுத்தான் அங்கே எதையும் நிறுத்த வேண்டும். வயலுக்கு ஒரு காட்டு வாத்தின் பெயர். ஷெல் நிறுவனம் அப்போது தன் வடகடல் வயல்களுக்கெல்லாம் கடற்பறவைகளின் பெயரை வைத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வயல் கார்மொரன்ட், நம்ம ஊர் நீர்க்காகம்.

1971-ல் ஸ்டாஃப்லோ என்ற மிதக்கும் ரிக் முதல் கிணற்றைத் தோண்டியது. ஷெல்லும் எஸ்ஸோவும் பாதிப்பாதிப் பங்கு, நடத்துவது ஷெல். எண்ணெய் கிடைத்தது. ஆனால் வெளியே மூச்சு விடவில்லை. காரணம், அதே கோடையில் பிரிட்டிஷ் அரசு கடலைச் சதுரம் சதுரமாகப் பிரித்து ஏலம் விட இருந்தது. அந்த ஏலத்தில் அதே பகுதியின் இன்னொரு சதுரத்துக்கு ஷெல்-எஸ்ஸோ கேட்ட தொகை 2,10,50,001 பவுண்டு. கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த ஒரு பவுண்டைப் பாருங்கள். மொய்க் கவரில் நாம் வைக்கும் ஒரு ரூபாய் சம்பிரதாயத்துக்கு. இங்கே அது, நமக்கு முன்னால் யாராவது அதே முழுத்தொகையைக் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்துக்கு. பிரெண்ட் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி 1972-ல்தான் வெளியே வந்தது.

கடலடியில் ஏதோ ஏரி மாதிரி எண்ணெய் தேங்கிக் கிடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கடற்தரைக்குக் கீழே இரண்டரை கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், ஜுராசிக் காலத்து ஆற்று முகத்துவார மணல் இறுகிக் கல்லாகிக் கிடக்கிறது. அந்த மணற்கல்லின் துளைகளில்தான் எண்ணெயும் வாயுவும் ஊறியிருக்கின்றன. பூமி விரிசல்விட்டு, அலமாரியில் சரிந்த புத்தகங்கள் மாதிரி பாறைகள் சாய்ந்துவிட்டன. சாய்ந்ததில் உயர்ந்து நிற்கும் முனையில் எண்ணெய் சேர்ந்து, மேலே களிமண் பாறை மூடிபோட்டுவிட்டது. இந்த மூடியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அப்புறம் கட்டுமானம். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் விலை ஒரேயடியாக ஏறியது. பிரிட்டனுக்கு அவசரம், கம்பெனிக்கும் அவசரம். நான்கு மேடைகள்: ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா. ஆல்ஃபா மட்டும் இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் நிற்பது. அந்தச் சட்டத்துக்கு ஜாக்கெட் என்று பெயர். மற்ற மூன்றும் கான்கிரீட்.

கான்கிரீட் மேடையைக் கட்டிய விதத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். பிராவோவும் டெல்டாவும் நார்வேயில் ஸ்டாவங்கர் பக்கம் கட்டப்பட்டவை. முதலில் ஒரு உலர்ந்த பள்ளத்தில் அடித்தளம். 19 பெரிய உருளைகளை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்திய மாதிரி, மேலிருந்து பார்த்தால் தேன்கூடு. பள்ளத்தில் தண்ணீர் விட்டு அதை மிதக்கவைத்து, ஃபியோர்டுக்கு, அதாவது மலைகளுக்கு நடுவே நுழைந்து கிடக்கும் ஆழமான கடலுக்கு, இழுத்துப்போனார்கள். அங்கே மிதந்த நிலையிலேயே சுவர் எழும்பியது. அச்சுப்பலகை மெதுவாக மேலே நகர்ந்துகொண்டே இருக்கும், கான்கிரீட் இரவும் பகலும் நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கும். 19-ல் மூன்று உருளைகள் மட்டும் தொடர்ந்து வளர்ந்து கால்களாகும், மீதி 16-ம் சுமார் 60 மீட்டர் உயரத்தில் மூடப்பட்டுத் தொட்டிகளாகும். பிறகு தண்ணீரை உள்ளே விட்டு மொத்தத்தையும் கால் நுனி மட்டும் தெரிகிற அளவுக்கு அமிழ்த்துவார்கள். மேல்தளத்தைப் படகுகளில் ஏற்றிவந்து கால்களுக்கு நேராக நிறுத்துவார்கள். தண்ணீரை வெளியேற்றினால் கால்கள் எழும்பி மேல்தளத்தைத் தோளில் வாங்கிக்கொள்ளும். அப்படியே நிற்கவைத்த கோலத்தில் இழுவைக் கப்பல்கள் கட்டி வயலுக்கு இழுத்துப்போய், மறுபடி தண்ணீர் விட்டுக் கடற்தரையில் உட்காரவைப்பது. ஒவ்வொரு அடிக்கட்டும் சுமார் 3 லட்சம் டன். ஆணி அடிக்கவில்லை, கட்டிப்போடவில்லை. தன் எடையிலேயே நிற்கிறது.

1975-ல் பிராவோ, 1976-ல் ஆல்ஃபாவும் டெல்டாவும், 1978-ல் சார்லி. முதல் எண்ணெய் 1976 நவம்பரில் பிராவோவிலிருந்து வந்தது. மும்பைக்கு மேற்கே கடலில் இருக்கும் நம்ம ஊர் எண்ணெய் வயலான பாம்பே ஹை உற்பத்தி தொடங்கியதும் அதே 1976-ல்தான். அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

குழாய் போட்டு முடியும்வரை எண்ணெயை எங்கே வைப்பது? அதற்குத்தான் அந்த கான்கிரீட் தொட்டிகள். கூடவே பிரெண்ட் ஸ்பார் என்று ஒன்று, கடலில் செங்குத்தாக மிதக்கும் ராட்சத உருளை. 14,500 டன், 140 மீட்டருக்கு மேல் உயரம், அதில் 109 மீட்டர் தண்ணீருக்குள். மூன்று லட்சம் பீப்பாய் பிடிக்கும். டேங்கர் கப்பல் வந்து அதிலிருந்து உறிஞ்சிக்கொண்டு போகும். பிறகு கார்மொரன்ட் ஆல்ஃபா மேடை வழியாக ஷெட்லண்டின் சல்லம் வோவுக்கு எண்ணெய்க் குழாய் வந்தது. வாயுவுக்கு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஃபெர்கஸ் வரை சுமார் 450 கிலோமீட்டர் குழாய், 1982-லிருந்து. அந்த ஆண்டுதான் உச்சம், ஒரு நாளைக்கு 5 லட்சம் பீப்பாய்க்கு மேல்.

எண்ணெய் வெளியேற வெளியேற உள்ளே அழுத்தம் குறையும். அதனால் கடல்நீரை வேறு கிணறுகள் வழியாக உள்ளே செலுத்தி அழுத்தத்தைத் தாங்கிப்பிடிப்பார்கள். பல எண்ணெய் வயல்களிலும் இருக்கும் வழக்கம்தான். பிரெண்ட்டில் 1990-களில் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். எண்ணெய் முக்கால்வாசி முடிந்த கட்டம். இனி அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்க வேண்டாம், இறங்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். சோடா பாட்டிலைத் திறந்தால் குமிழ் கிளம்புவது போல, மிச்ச எண்ணெயில் கரைந்திருந்த வாயு பிரிந்து மேலே வரத் தொடங்கியது. எண்ணெய் வயலாக இருந்தது வாயு வயலாக மாறிவிட்டது. மூன்று மேடைகளின் இயந்திரங்களையும் குறைந்த அழுத்தத்துக்கு ஏற்ப மாற்ற 130 கோடி பவுண்டு செலவு. அதற்குக் கிடைத்தது இன்னும் பத்துப் பதினைந்து வருட ஆயுள். பெட்ரோலியப் பொறியாளர்கள் பிரெண்ட்டைப் பற்றிப் பேசினால் இதைத்தான் முதலில் சொல்வார்கள். அழகான வேலை, சந்தேகமில்லை.

ஆட்களையும் சொல்லாமல் விடக்கூடாது. 1986 நவம்பரில் பிரெண்ட் வயலிலிருந்து ஊழியர்களை ஏற்றிவந்த சினூக் ஹெலிகாப்டர் ஷெட்லண்டின் சம்பர்க் அருகே விழுந்தது. 45 பேர் இறந்தார்கள், பிழைத்தது இரண்டே பேர். 2003 செப்டம்பரில் பிராவோ மேடையின் காலுக்குள் வேலைக்கு இறங்கிய இருவர் வாயுக் கசிவில் இறந்தார்கள். நீதிமன்றம் ஷெல்லுக்கு 9 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது.

இனி மூடுகிற கதை. அது ஸ்பாரில் தொடங்குகிறது.

1991-ல் ஸ்பாருக்கு வேலை இல்லாமல் போனது. குழாய் இருக்கிறது, மிதக்கும் தொட்டி எதற்கு? கரைக்குக் கொண்டுவந்து உடைப்பதற்கு, ஆழ்கடலில் தள்ளுவதைப்போல் சுமார் நாலு மடங்கு செலவாகும் என்று ஷெல் மதிப்பிட்டது. அதோடு 1977-லேயே தொட்டிகளில் இரண்டு சேதமாகியிருந்தன, இழுத்துவரும்போது உடைந்தால் என்ன ஆவது என்ற பயம் வேறு. எனவே அட்லாண்டிக்கில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஆழமுள்ள இடத்தில் மூழ்கடிக்கலாம் என்றது. பிரிட்டிஷ் அரசும் சரி என்று அனுமதி கொடுத்தது.

1995 ஏப்ரல் 30 அன்று சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸின் ஆட்கள் ஸ்பாரில் ஏறி உட்கார்ந்தார்கள். தண்ணீர் பீய்ச்சி விரட்டும் காட்சி ஐரோப்பா முழுக்க டிவியில் ஓடியது. ஜெர்மனியில் மக்கள் ஷெல் பங்க்குகளுக்குப் போவதையே விட்டார்கள். சில பங்க்குகள் தாக்கப்பட்டன, ஹாம்பர்க்கில் ஒன்றுக்குத் தீவைத்தார்கள். ஜெர்மன் அதிபர் ஹெல்மூட் கோல், உலகத் தலைவர்கள் கூடிய மாநாட்டிலேயே பிரிட்டிஷ் பிரதமரிடம் பேசினார். ஜூன் 20 அன்று பிரதமர் ஜான் மேஜர் நாடாளுமன்றத்தில் ஷெல்லின் முடிவுக்கு ஆதரவாகப் பேசிக்கொண்டிருக்க, அதே நாளில் ஷெல் பின்வாங்கிவிட்டது. பாவம், அவருக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இதில் யாரும் பெரிதாகப் பேசாத ஒரு பகுதி உண்டு. ஸ்பாருக்குள் 5,500 டன் எண்ணெய் இருப்பதாக கிரீன்பீஸ் சொன்னது. அது தப்பு. தொட்டிக்குள்ளிருந்து எடுத்ததாக நினைத்த மாதிரியை, தொட்டிக்குப் போகும் காற்றுக் குழாயிலிருந்து எடுத்துவிட்டார்கள். செப்டம்பரில் ஷெல்லுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார்கள். நார்வேயின் டெட் நோர்ஸ்கே வெரிட்டாஸ் என்ற ஆய்வு நிறுவனம் நடத்திய தனி ஆய்வில் கிடைத்த அளவு நூறு டன்னைச் சுற்றித்தான். ஆக, தப்பான எண்ணை வைத்து ஜெயித்த போராட்டம் அது. ஆனாலும் விளைவு நல்லது என்பதே என் கருத்து. 1998 ஜூலையில் போர்ச்சுகலின் சிந்த்ராவில் வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகள் கூடி, பழைய மேடைகளைக் கடலில் தள்ளவும் கூடாது, அப்படியே விட்டுப்போகவும் கூடாது என்று தீர்மானித்தன. ஓஸ்பார் தீர்மானம் என்பார்கள். இரண்டு பெரிய விலக்கு மட்டும். 1999-க்கு முன் நிறுவிய, 10,000 டன்னுக்கு மேலான இரும்பு ஜாக்கெட்டுகளின் அடிப்பகுதி ஒன்று, கான்கிரீட் அடிக்கட்டு மற்றொன்று. இவற்றை விட்டுவைக்க வேண்டுமென்றால் காரணம் காட்டி அனுமதி கேட்க வேண்டும், மற்ற நாடுகள் கேள்வி கேட்கலாம். ஸ்பாரை நார்வேக்கு இழுத்துப்போய் வளையம் வளையமாக அறுத்து, ஸ்டாவங்கர் அருகே மேக்யார்விக்கில் படகுத்துறையின் அடித்தளமாக வைத்தார்கள். 1999-ல் முடிந்தது.

இப்போது மேடைகள். மேடையை மூடுவது என்றாலே எல்லாருக்கும் அந்தப் பெரிய கப்பல் தூக்கும் வீடியோதான் ஞாபகம் வரும். பணமும் நாளும் உண்மையில் போவது கிணறுகளுக்கு. பிரிட்டிஷ் வடகடலில் மூடும் செலவில் கிட்டத்தட்ட பாதி கிணறுகளை அடைப்பதற்கே போகிறது. பிரெண்ட்டில் 150-க்கும் மேற்பட்ட கிணறுகள். டெல்டாவின் கிணறுகளை அடைக்கவே பல வருடம் ஆனது.

நான் வடகடலில் வேலை பார்த்ததில்லை, ஆனால் கிணற்றில் சிமெண்ட் போடும் வேலையில் சில வருடம் இருந்திருக்கிறேன். எங்கே செய்தாலும் முறை ஒன்றுதான். முதலில் கிணற்றுக்குள் இருக்கும் உற்பத்திக் குழாயை உருவ வேண்டும். பிறகு எண்ணெய்ப் பாறைக்கு மேலே, அந்தக் களிமண் மூடிப் பாறை இருக்கும் ஆழத்தில், சிமெண்ட் அடைப்பு. கோடி வருஷமாக எண்ணெயைப் பிடித்துவைத்திருந்த மூடியில் நாம் போட்ட ஓட்டையை நாமே அடைக்கிறோம், அவ்வளவுதான். ஒன்று போதாது, ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு. ஒவ்வொன்றும் குறைந்தது 30 மீட்டர் நல்ல சிமெண்ட்டாக இருக்க வேண்டும். கிணற்றின் சுவராக நிற்கும் கேசிங் குழாய்க்கு வெளியே, பாறைக்கும் குழாய்க்கும் நடுவே இருக்கும் பழைய சிமெண்ட்டும் நன்றாக இருந்தால்தான் அது அடைப்பு. 1976-ல் ஊற்றிய சிமெண்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று கருவி இறக்கிக் கேட்டுப் பார்க்க வேண்டும். சரியில்லை என்றால் குழாயை அரைத்தெடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். ஒரு கிணற்றின் பட்ஜெட் இரட்டிப்பாவது இந்த இடத்தில்தான்.

சிமெண்ட்டைப் பம்ப் செய்து முடித்ததும் காத்திருப்பு. கலவையில் கொஞ்சம் காகிதக் கப்பில் பிடித்து ஜன்னலோரம் வைத்திருப்போம். போகிறவன் வருகிறவன் எல்லாம் அதை விரலால் குத்திப் பார்ப்பான். கப்பில் இறுகாவிட்டாலும் கீழே இறுகியிருக்கலாம், ஏனென்றால் கீழே சூடு. அதனால் கப்பை நம்பி யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். துரப்பணக் குழாயை இறக்கி, சிமெண்ட்டின் தலையில் தொட்டு, சில டன் எடையை அதன்மேல் சாய்க்க வேண்டும். எடை காட்டும் முள் இறங்கி அப்படியே நின்றால் கீழே கல் இருக்கிறது. குழாய் வழுக்கி இறங்கிக்கொண்டே போனால் இருப்பது கஞ்சி. அப்புறம் மேலிருந்து அழுத்தம் கொடுத்து, முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பது. யாரும் வீடியோ எடுக்காத வேலை. ஆனால் நூறு வருஷம் கழித்துக் கடலில் எண்ணெய் கசியுமா கசியாதா என்பதைத் தீர்மானிப்பது அந்த முள்தான்.

கிணறுகள் முடிந்த பிறகு தூக்கும் படலம். பயனியரிங் ஸ்பிரிட் என்ற கப்பல், ஸ்விட்சர்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஆல்சீஸ் நிறுவனத்துடையது. 382 மீட்டர் நீளம், 124 மீட்டர் அகலம். இரண்டு கப்பல்களை ஒட்டவைத்த மாதிரி, முன்பக்கம் நடுவில் பெரிய பிளவு. முதலில் இதற்குப் பீட்டர் ஸ்கெல்டே என்று முதலாளியின் அப்பா பெயரை வைத்தார்கள். அவர் நாஜிப் படையில் அதிகாரியாக இருந்தவர் என்று எதிர்ப்பு கிளம்பி, 2015-ல் பெயரை மாற்றினார்கள்.

அந்தப் பிளவுக்குள் மேடை வரும்படி கப்பல் நெருங்கும். கான்கிரீட் கால்களை வைரக் கம்பி ரம்பத்தால் முன்பே அறுத்து வைத்திருப்பார்கள். அறுத்த பிறகும் மேல்தளம் தன் எடையில் அங்கேயே உட்கார்ந்திருக்கும். கப்பலின் தூக்குக் கரங்கள் அடியில் நுழைந்து, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும். அதற்கு மணிக்கணக்கில் ஆகும். ஆனால் கடைசி விலகல் சில விநாடிகளில் முடிந்துவிடும். முடிய வேண்டும், இல்லையென்றால் ஒரு அலை வந்து மேல்தளத்தை மறுபடி காலின்மேல் இடித்துவிடும். 2017 ஏப்ரல் 28 அன்று டெல்டாவின் மேல்தளம், 24,200 டன், இப்படி எழும்பியது. கடலில் அதுவரை யாரும் அத்தனை எடையை ஒரே தூக்கில் தூக்கியதில்லை. 2019-ல் பிராவோ, 2020-ல் ஆல்ஃபா, 2024 ஜூலையில் சார்லி. சார்லி சுமார் 31,000 டன், அதுவரை இருந்த சாதனைகளையெல்லாம் முறியடித்தது. எல்லாம் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் அருகே டீஸ் ஆற்று முகத்துவாரத்தில் உள்ள யார்டுக்குப் போயின. கப்பல் கரையை நெருங்க முடியாத அளவு பெரிது என்பதால் கடைசி நேரத்தில் ஒரு பார்ஜுக்கு மாற்றித்தான் கரையேற்றினார்கள். மேல்தளப் பொருட்களில் 97 சதவீதம் மறுசுழற்சி என்பது இலக்கு. இரும்பு பெரும்பகுதி என்பதால் அது நம்பக்கூடியதே. ஆல்ஃபாவின் இரும்பு ஜாக்கெட்டில் மேல் பாதியை 2020-ல் ஸ்லைப்னிர் என்ற கிரேன் கப்பல் தூக்கிக்கொண்டு நார்வேக்குப் போய்விட்டது.

மிச்சம் மூன்று கான்கிரீட் அடிக்கட்டுகள். சண்டை அங்கேதான்.

ஷெல் சொல்வது: கட்டும்போது திரும்ப மிதக்கவைக்கும் எண்ணமே இல்லை. 40 வருடப் பழைய குழாய்களையும் வால்வுகளையும் நம்பி 3 லட்சம் டன்னைக் கிளப்ப முடியாது. நடுவழியில் உடைந்தால் ஆட்கள் சாவார்கள். எனவே விட்டுவிடலாம், இடிந்து விழ நூற்றாண்டுகள் ஆகும். இதில் பெரும்பகுதி உண்மை. நார்வே-பிரிட்டன் எல்லையிலுள்ள ஃபிரிக் வயலிலும் கான்கிரீட் அடிக்கட்டுகளை விட்டுத்தான் போனார்கள். ஆனால் அதே வடகடலில் மொரீன் என்று ஒரு மேடை இருந்தது. இரும்பாலானது, தன் எடையில் நிற்கும் வகை. திரும்ப மிதக்கும்படியே வடிவமைத்திருந்தார்கள், 2001-ல் அப்படியே மிதக்கவைத்துக் கொண்டும் போனார்கள். ஆக, 'முடியாது' என்பது கடலின் குணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1970-களின் அவசரத்தில் வரைபடத்திலிருந்து விட்டுப்போன ஒரு வரி அது. அந்த ஒரு வரிக்குத்தான் இப்போது பில் வந்திருக்கிறது.

அதைவிடச் சிக்கல், தொட்டிகளுக்குள் இருப்பது. மூன்று மேடைகளிலும் சேர்த்து 64 தொட்டிகள், அதில் 42-ல் எண்ணெய் சேர்த்துவைத்திருந்தார்கள். வருடக்கணக்கில் எண்ணெயோடு வந்த மணலும் மெழுகும் அடியில் வண்டலாகப் படிந்துகிடக்கிறது. நம் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் அடியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், ஆனால் அடியில் எண்ணெய்ச் சேறு, தொட்டி 60 மீட்டர் உயரம், அதன் மூடி கடல்மட்டத்துக்கு 80 மீட்டர் கீழே, சுவர் ஒரு மீட்டர் பருமன். 2014-ல் டெல்டாவின் மூன்று தொட்டிகளின் மேல் துளைபோட்டு மாதிரி எடுத்தார்கள். மதிப்பீட்டின்படி எல்லாத் தொட்டி வண்டலிலும் சேர்ந்து சுமார் 11,000 டன் எண்ணெய். ஸ்பாரில் இருப்பதாகத் தப்பாகச் சொன்ன 5,500 டன்னைப்போல இரண்டு மடங்கு, இந்த முறை கம்பெனியே சொன்ன கணக்கு.

ஷெல் 2017 பிப்ரவரியில் தன் திட்டத்தைச் சமர்ப்பித்தது: அடிக்கட்டும் வண்டலும் அங்கேயே இருக்கட்டும். பிரிட்டிஷ் அரசு விலக்குக் கொடுக்க நினைத்தபோது ஜெர்மனி, நெதர்லாந்து உள்ளிட்ட நாடுகள் ஆட்சேபித்தன. 2019 அக்டோபரில் லண்டனில் இதற்காகவே ஓஸ்பார் நாடுகள் கூடின. ஒத்த கருத்து வரவில்லை. என்னைக் கேட்டால் கான்கிரீட்டை விட்டுவிடலாம். அதைக் கிளப்பப்போய் யாராவது செத்தால் அதற்கு அர்த்தமே இல்லை. வண்டல் விஷயத்தில் என் நினைப்பு வேறு. சுவர் விழும் காலத்தில் அதைச் சுத்தம் செய்ய ஷெல் என்று ஒரு கம்பெனி இருக்குமா? 'எடுப்பது ஆபத்து, விடுவது பாதுகாப்பு' என்ற ஒப்பீட்டுக் கணக்கைப் போட்டது, எடுத்தால் செலவு செய்ய வேண்டியவரே. அந்த ஞாபகத்தோடு அந்த அறிக்கையைப் படிக்க வேண்டும்.

செலவு யாருடையது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் 1998 பெட்ரோலியம் சட்டப்படி உரிமைதாரர்கள் எல்லாரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. ஒருவர் திவாலானால் பாரம் மற்றவர் தலையில் விழும், பங்கை விற்றுவிட்டுப் போனவரைக்கூடத் திரும்ப இழுக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மூடும் செலவை நஷ்டமாகக் காட்டி, முன்பு கட்டிய வரியில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் அதே நாட்டுச் சட்டம் இடம்கொடுக்கிறது. பிரெண்ட் வயல் அரசுக்கு 2,000 கோடி பவுண்டுக்கு மேல் வரி கொடுத்தது என்று ஷெல் பெருமையாகச் சொல்லும். அதிலிருந்து கொஞ்சம் இப்போது திரும்பிப்போகிறது. பிரிட்டிஷ் கடலில் மூட வேண்டிய எல்லாவற்றுக்கும் சேர்த்து மதிப்பீடு சுமார் 4,000 கோடி பவுண்டு.

இந்தியாவிலும் இது தொடங்கிவிட்டது. மேற்குக் கடலில் தப்தி வயலின் ஐந்து கிணற்று மேடைகளை அகற்றிய வேலை முடிந்ததாக 2024-ல் அறிவித்தார்கள், நாட்டில் இதுதான் முதல் முறை. சின்ன மேடைகள், ஆழம் குறைவு, எல்லாம் இரும்பு. மூடும் செலவுக்காக முன்கூட்டியே பணம் ஒதுக்கிவைக்கும் நிதித் திட்டம் 1999 முதல் இங்கே இருக்கிறது. பாம்பே ஹையின் முறை வரும்போதுதான் அதன் உண்மையான சோதனை.

உங்கள் முதல் கேள்விக்கே திரும்புகிறேன், பிரெண்ட் எங்கே இருக்கிறது? லெர்விக்கிலிருந்து 186 கிலோமீட்டர் போனால், மேடை எதுவும் இல்லாத கடலில் கான்கிரீட் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். அறுத்த வாய்க்குக் கான்கிரீட் மூடி போட்டு, கப்பல்கள் மோதாமலிருக்க விளக்கு வைத்திருக்கிறார்கள். மீன்பிடிப் படகுகள் சுற்றி 500 மீட்டருக்குள் போகக்கூடாது. அந்த விளக்கு அணைந்தால் மாற்றிவைக்க வேண்டியது இன்றைக்கும் ஷெல்லின் வேலை. ஆள் ஏறி இறங்க அங்கே தளம் இல்லாததால், ஹெலிகாப்டரில் போய் விளக்கை மொத்தமாகக் கழற்றி எடுத்துவிட்டு வேறொன்றை இறக்கிவைக்கும் மாதிரி அதைச் செய்து வைத்திருக்கிறார்கள்.